வீட்டு ஃப்ரீசரில் பழ ஐஸ்கிரீம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்து மாம்பழம் வர ஆரம்பித்ததும், சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் என்னிடம் ஐஸ்கிரீம் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: "எல்லாம் சரியாத்தான் போட்டேன், ஆனா கல்லு மாதிரி உறைஞ்சிடுச்சு." அவர்களுக்கு இத்தனை வருடங்களாகச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எசென்ஸ், கலர் பவுடர் இரண்டும் இதில் கிடையாது. நல்ல பழம் கையில் இருக்கும்போது அவை தேவையே இல்லை.

மெஷின் இல்லாமல் நன்றாக வருமா?

வரும். மெஷின் செய்வது ஒரே வேலைதான், உறைய உறையக் கிண்டிக்கொண்டே இருப்பது. அந்த வேலையை நம் மிக்ஸி இரண்டு தடவையில் செய்துவிடும். ஒரு அடிகனமான கடாய், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா, ஒரு மிக்ஸி இருந்தால் போதும்.

எப்படிச் செய்தாலும் நறநறவென்று ஐஸ் கட்டியாக இருக்கிறதே, ஏன்?

பழத்தில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். மாம்பழம், கொய்யா, அன்னாசி எதை எடுத்தாலும் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பலாவிலும் வாழையிலும் கொஞ்சம் குறைவு, அதனால்தான் அவை இரண்டும் புதிதாகச் செய்கிறவர்களுக்குச் சுலபமாக வந்துவிடுகின்றன. தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய படிகமாக வளரும், நாக்கில் குத்தும். வேகமாக உறைந்தால் பொடிப் படிகமாக நின்றுவிடும், நாக்குக்குத் தெரியாது.

ஆகவே பழ ஐஸ்கிரீம் செய்வது என்றாலே அந்தத் தண்ணீரைச் சமாளிப்பதுதான். முதலில், பழக்கூழை அடுப்பில் வற்ற வைத்து முடிந்த அளவு தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். மிச்சமிருக்கும் தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். சர்க்கரை கரைந்த தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். அதனால்தான் ஃப்ரீசருக்குள்ளும் ஐஸ்கிரீமில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிறது, கரண்டி இறங்குகிறது. க்ரீமின் கொழுப்பும், அடிக்கும்போது உள்ளே போகும் காற்றும் படிகங்களுக்கு நடுவே புகுந்து அவை ஒன்று சேராமல் தடுக்கின்றன. கடைசியாக, பாதி உறைந்ததும் எடுத்து மிக்ஸியில் அடித்தால் வளர்ந்த படிகம் உடையும்.

பெரும்பாலானவர்கள் கடைசி வேலையை மட்டும் செய்துவிட்டு முதல் வேலையை விட்டுவிடுகிறார்கள். பச்சைக் கூழை அப்படியே க்ரீமில் கலந்தால் எத்தனை தடவை அடித்தாலும் நறநறப்பு போகாது.

எந்த மாம்பழம் வாங்கலாம்?

பங்கனப்பள்ளி எல்லா ஊரிலும் கிடைக்கும், நார் இருக்காது, சதை நிறைய. ஆனால் குளிர்ந்ததும் அதன் வாசனை அமுங்கிவிடுகிறது. அல்போன்சாவுக்கு நிறமும் மணமும் உறைந்த பிறகும் நிற்கும். என் கையில் காசு இருந்தால் இமாம் பசந்த் வாங்குவேன். அதன் சதையில் இனிப்போடு ஒரு மெல்லிய புளிப்பு ஓடும், அது பால் சேர்ந்த பிறகும் தெரியும். சேலத்து மல்கோவாவும் நல்ல பழம், ஆனால் அதை நறுக்கி அப்படியே சாப்பிடுவதுதான் அந்தப் பழத்துக்கு மரியாதை என்று நினைக்கிறேன். சீசன் முடியும் நேரத்தில் வரும் நீலத்தைச் சின்னப் பழம் என்று ஒதுக்க வேண்டாம், மணம் அருமையாக இருக்கும். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் கிடைக்கிறவர்கள் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகையானாலும் காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள். அங்கே மணம் இல்லாவிட்டால் ஐஸ்கிரீமிலும் இருக்காது. கிளிமூக்கு ஊறுகாய்க்கும் பச்சையாகக் கடிப்பதற்கும் உரியது, இதற்கு வேண்டாம். நாராக இருக்கும் பழம் என்றால் கூழை வடிகட்டியில் ஒரு முறை தேய்த்து எடுத்துவிடுங்கள்.

மாம்பழ ஐஸ்கிரீமுக்குச் சரியான அளவு சொல்லுங்களேன்.

பழக்கூழ் 500 கிராம் (சுமார் 1 கிலோ பழம் வாங்க வேண்டியிருக்கும்), கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாத விப்பிங் க்ரீம் 300 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

கூழில் 100 கிராம் தனியாக எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மிச்சம் 400 கிராமை அடிகனமான கடாயில், சின்னத் தீயில், கை விடாமல் கிளறுங்கள். முதலில் தளதளவென்று கொதித்துத் தெறிக்கும், நீளமான கரண்டி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கால் மணி நேரத்தில் சத்தம் மாறும். தெறிப்பது நின்று, கனமாகப் 'புளக், புளக்' என்று குமிழி வரும். கரண்டியால் கடாயின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அடி தெரிந்து, கோடு உடனே மூடாமல் இரண்டு நொடி நிற்க வேண்டும். அப்போது எடை போட்டுப் பார்த்தால் 250 கிராம் அளவில் இருக்கும். இறக்கி நன்றாக ஆற விடுங்கள்.

ஆறியதும் எடுத்து வைத்த 100 கிராம் பச்சைக் கூழைக் கலக்குங்கள். வற்ற வைத்த கூழுக்கு மாம்பழத் தித்திப்பும் திண்மையும் உண்டு, ஆனால் சூட்டில் புதுப் பழத்தின் வாசனை போய்விடுகிறது. அந்த வாசனைக்காகத்தான் இந்த 100 கிராம்.

க்ரீமையும் பாத்திரத்தையும் முன்பே குளிர வைத்து, க்ரீம் மிருதுவான முகடாக நிற்கும் வரை, அதாவது கரண்டியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் வரை அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். கண்டென்ஸ்டு மில்க், கூழ், உப்பு, எலுமிச்சைச் சாறு நான்கையும் சேர்த்து, க்ரீமை மூன்று பங்காக மெதுவாக மடித்துக் கலக்கி, டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். க்ரீமில் ஏற்கெனவே காற்று இருப்பதால் இதற்கு மிக்ஸி தேவைப்படாது. 8 மணி நேரம் போதும்.

ஃப்ரெஷ் க்ரீம் பாக்கெட் வாங்கி அரை மணி நேரம் அடித்தேன், நுரைக்கவே இல்லை.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். காற்றைப் பிடித்து நிற்க அது போதாது. உங்கள் கையில் தவறில்லை. கேக் சாமான் விற்கும் கடையில் 'விப்பிங் க்ரீம்' என்று கேளுங்கள். ஆனால் அங்கே கிடைப்பதில் பாதி பால் க்ரீமே இல்லை, தாவர எண்ணெயில் செய்தது. சர்க்கரையும் அதில் ஏற்கெனவே இருக்கும். அட்டையைப் படித்துப் பார்த்து, அது இனிப்பானது என்றால் கண்டென்ஸ்டு மில்க்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

க்ரீமே கிடைக்காத ஊர். வெறும் பாலில் செய்யலாமா?

தாராளமாக. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் மாதிரி 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 1 லிட்டர் வாங்கி, பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். 2 டேபிள்ஸ்பூன் சோள மாவைக் கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, மாவு வாசனை போகக் கொதிக்க விட்டு, 120 கிராம் சர்க்கரை சேர்த்து இறக்குங்கள். முழுதாக ஆறியபின் மேலே சொன்ன மாதிரி தயாரித்த 350 கிராம் கூழைக் கலந்து, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். 3 அல்லது 4 மணி நேரத்தில் ஓரம் கெட்டியாகி நடுவில் கூழாக இருக்கும். அப்போது எடுத்து மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து மறுபடி வையுங்கள். 2 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. மிக்ஸி ஜாரையும் ஃப்ரீசரில் வைத்திருந்து எடுத்தால் அடிக்கும் சூட்டில் உருகாது.

கடை ஐஸ்கிரீமின் பஞ்சுத்தன்மை இதில் வராது. அந்தக் காலத்துப் பால் ஐஸின் நினைவு வரும். எனக்கு க்ரீம் போட்டதைவிட இதுதான் பிடிக்கும்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால்?

கல்லாகிவிடும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, மிருதுவாக வைப்பதும் அதுதான். இன்னொன்று, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். உறைவதற்கு முன் ருசி பார்த்தால் 'கொஞ்சம் தூக்கலா இருக்கே' என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான பதம். இனிப்பு குறைவாக வேண்டும் என்றால் கிண்ணத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அவற்றில் செய்தால் பரவாயில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

அன்னாசிப் பழம் போட்டதும் ஒரே கசப்பு. பழம் கெட்டதா?

பழம் நல்லதுதான். முதல் தடவை எனக்கும் இதே நடந்தது. தங்கை வீட்டுக்கு வருகிறாள் என்று நல்ல பழுத்த அன்னாசியை அரைத்து, க்ரீமில் கலந்து ராத்திரி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் ஒரு கரண்டி வாயில் வைத்தால் வேப்பிலை மாதிரி ஒரு கசப்பு. அரை லிட்டர் க்ரீமையும் கொட்ட வேண்டியதாயிற்று.

அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. பாலிலுள்ள புரதத்தை அது துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. குளிரில் நொதி சாகாது, சூட்டில்தான் சாகும். எனவே அன்னாசியைப் பொடியாக நறுக்கி, சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்க விட்டு, மேலும் 5 நிமிடம் வேக வைத்து, ஆற வைத்தபின் பாலில் சேர்த்தால் கசக்காது. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, அப்படியே போடலாம். பப்பாளிக்கும் இதே விதி. ஜெலட்டின் சேர்த்துச் செய்கிறவர்களும் கவனிக்க வேண்டும், பச்சை அன்னாசியில் ஜெலட்டின் உறையாது. கடல்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை.

பலாப்பழத்தில் செய்யலாமா?

செய்யலாமா என்று கேட்காதீர்கள், பண்ருட்டிப் பலா லாரியில் வந்து இறங்கும்போது செய்யாமல் விட்டால்தான் நஷ்டம். பால் வேண்டாம், தேங்காய்ப்பால் போதும். கன்னியாகுமரிப் பக்கத்துச் சக்கைப் பிரதமனைக் குளிர வைத்த மாதிரி இருக்கும்.

கெட்டியான சுளையாக, வருக்கை ரகமாக எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை நீக்கிய சுளை 400 கிராமை இட்லிப் பானையில் 10 நிமிடம் ஆவியில் வேக வைத்து நைசாக அரையுங்கள். 150 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அதில் அரைத்த விழுதைப் போட்டு அல்வா மாதிரி சுருளக் கிளறி, ஆற விடுங்கள். ஆறியதும் முதல் தேங்காய்ப்பால் 400 மில்லி, சுக்குப் பொடி கால் டீஸ்பூன், ஒரு கல் உப்பு. தேங்காய்ப்பாலை அடுப்பில் ஏற்ற வேண்டாம், திரிந்துவிடும். அப்புறம் உறைய வைத்து இரண்டு தடவை மிக்ஸியில் அடிக்க வேண்டும்.

நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லைப் பரிமாறும்போது மேலே தூவுங்கள். மூடி சரியில்லாத டப்பாவில் வைத்தால் மறுநாள் ஃப்ரீசரில் இருக்கும் பச்சைப் பட்டாணி வரைக்கும் பலா வாசனை ஏறிவிடும்.

இளநீர் ஐஸ்கிரீமில் இளநீர் வாசமே வரவில்லையே?

நீங்கள் தண்ணீரைச் சேர்த்திருப்பீர்கள், வழுக்கையைக் குறைத்திருப்பீர்கள். இளநீர்த் தண்ணீர் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், அது ஐஸாகத்தான் மாறும். ருசி வழுக்கையில்தான் இருக்கிறது. இளநீர்க்காரரிடம் "வழுக்கையா பாத்து வெட்டுங்கண்ணே" என்று சொல்லி நான்கு காய் வாங்குங்கள். விரலால் அழுத்தினால் குழியும் பதம்தான் வேண்டும். தேங்காய்ப் பருப்பு மாதிரி முற்றியது வேண்டாம். முக்கால் பங்கு வழுக்கையைக் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு அரைத்து, கண்டென்ஸ்டு மில்க்கோடு க்ரீமில் கலக்குங்கள். மீதியைப் பொடியாக நறுக்கி, ஒரு மணி நேரம் சர்க்கரைப் பாகில் ஊற வைத்துப் போடுங்கள். எந்தப் பழத்துண்டுக்கும் இது பொருந்தும்: பாகில் ஊறாத துண்டு பல்லில் கல் மாதிரி படும்.

சீதாப்பழம்?

கூழை அடுப்பில் வைக்கவே கூடாது, சூடு ஏறினால் கசக்கும். வற்ற வைக்கும் விதிக்கு இது விலக்கு. அதன் சதையே க்ரீம் மாதிரி இருப்பதால் குறையும் தெரியாது. கொட்டையை எடுக்கும் வேலைதான் பெரியது. பெரிய கண் உள்ள வடிகட்டியில் போட்டு விரலால் தேய்த்து எடுங்கள். வேலையைச் சுருக்க மிக்ஸியில் கொட்டையோடு சுற்றாதீர்கள். அந்தக் கொட்டைக்குள் நச்சு இருக்கிறது, உடையக் கூடாது. கூழ் கறுக்காமல் இருக்க உடனே எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள்.

பால், தேங்காய் எதுவும் இல்லாமல் வெறும் பழத்தில் செய்ய முடியுமா?

முடியும், சோர்பே என்பார்கள். கொய்யா இதற்கு எனக்குப் பிடித்த பழம். உள்ளே சிவப்பாக இருக்கும் கொய்யா, நன்றாகக் கனிந்தது 500 கிராம். துண்டாக்கி 200 மில்லி தண்ணீரில் மெத்தென்று வேக வைத்து, அரைத்து, விதை போக வடிகட்டி, 175 கிராம் சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்து, ஆறியதும் ஒரு எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள். உறையும்போது மூன்று தடவை அடிக்க வேண்டும், ஏனென்றால் இதில் கொழுப்பு உதவிக்கு இல்லை. கிண்ணத்தில் போட்டு மிளகாய்த் தூளும் உப்பும் ஒரு சிட்டிகை தூவிக் கொடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் கொய்யா வாங்கித் தின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

தெளிவான சாறாக இருக்கும் சாத்துக்குடி, எலுமிச்சை போன்றவற்றுக்குச் சர்க்கரை அளவு பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. கழுவிய புது முட்டையை ஓட்டோடு சாற்றில் மிதக்க விடுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் அளவு சரி. மூழ்கினால் இன்னும் சர்க்கரை வேண்டும், நிறையத் தெரிந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

அவசரத்துக்கு ஏதாவது?

வாழைப்பழம். தோலில் புள்ளி விழுந்த பூவனையோ ரஸ்தாளியையோ வட்டமாக நறுக்கி உறைய வைத்து, மிக்ஸியில் அடித்தால் அதுவே ஐஸ்கிரீம். முதலில் பொடிப்பொடியாக உடையும், பயப்படாமல் ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் சுற்றுங்கள், திடீரென்று வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். கொஞ்சம் உறைந்த மாம்பழத்துண்டு சேர்த்தால் வாழை வாசனை அடங்கும்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் உறையவே மாட்டேன் என்கிறது.

முந்தைய நாள் சாயங்காலமே குளிர் அளவை உச்சத்தில் வையுங்கள், ஃப்ரீசரில் மண்டியிருக்கும் பனிக்கட்டியை அதற்கு முன்பே கரைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைவிட எவர்சில்வர் சீக்கிரம் குளிரும். ஆழமான டப்பாவில் நிரப்பாமல் அகலமான தட்டையான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். கலவை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்து சில்லென்று ஆன பிறகே ஃப்ரீசருக்குள் போக வேண்டும்.

நடுவில் கரண்ட் போய்விட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். ஓரம் மட்டும் இளகியிருந்தால் மிக்ஸியில் அடித்து மறுபடி வைக்கலாம். முழுதாக உருகிப்போய் இன்னும் சில்லென்று இருந்தால் உடனே மில்க் ஷேக்காகக் குடித்துவிடுங்கள். சூடேறிவிட்டது என்றால் மனசைக் கல்லாக்கிக் கொட்டிவிட வேண்டியதுதான். பால் சேர்ந்த பண்டம், திரும்ப உறைய வைத்தால் கிருமி சாகாது.

கடை டப்பாவில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருக்கிறதே, அது ஐஸ்கிரீம் இல்லையா?

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஐஸ்கிரீம் என்று எழுத வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி டப்பாவில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. மேலே சொன்ன க்ரீம் அளவில் பால் கொழுப்பு 14 சதவீதம் அளவுக்கு வரும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? எடுக்கும்போது கரண்டி வளைகிறதே?

இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஐஸ்கிரீமின் மேல்பரப்பை ஒட்டி ஒரு பட்டர் பேப்பரை வைத்து அழுத்தி மூடினால் மேலே பனி படராது. ஃப்ரீசர் கதவோரம் வைக்காதீர்கள், உள்ளே ஆழமாகத் தள்ளி வையுங்கள். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு கீழே ஃப்ரிட்ஜ் பகுதிக்கு மாற்றிவிட்டால் கரண்டி வளையாது.

இருபது பேர் வருகிறார்கள். ஃப்ரீசரில் இடமில்லை.

அப்போது வாளிதான். மார்க்கெட்டில் மீன் கடைப் பக்கம் ஐஸ் கட்டி கிடைக்கும், 6 கிலோ வாங்கிச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு 2 கிலோ. பெரிய வாளியில் ஐஸ் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று போட்டு, நடுவில் குளிர்ந்த கலவை ஊற்றிய எவர்சில்வர் தூக்கை மூடியோடு இறக்குங்கள். உப்பு பட்ட ஐஸ் உருகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு 0 டிகிரிக்கு வெகு கீழே போகும், சரியான அளவில் மைனஸ் 21 வரைக்கும். அதனால் அதை வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, சுவரில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் அந்தப் பக்கம் முழுக்கக் கரிக்கும். பெரியம்மா வீட்டு முற்றத்தில் இந்த வேலைக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்போம், ஆளுக்கு நூறு சுற்று. சுற்றச் சுற்றத் தூக்கு கனத்துப்போய் கைக்கு அடங்காமல் திமிறும்போது பெரியம்மா "போதும், வந்துடுச்சு" என்பார். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பிடிக்கும். கடைசியாகச் சுற்றிய பிள்ளைக்குத்தான் மரக்கரண்டியை வழித்து நக்கும் உரிமை.